தேவதைகளுக்குத் தூக்கம் தேவையில்லை

கவிஞரான நண்பர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் தம் புதிய தொகுப்பை அனுப்பியிருந்தார். பெரும்பாலானவை கொரோனாக் காலத்தில் எழுதப்பட்டவை. அவற்றுள் பதினொரு கவிதைகளில் செவிலியர் வருகிறார். பதினொன்றிலும் அவர் தேவதை. ஒன்றில் சிறகுகூட முளைத்திருக்கிறது. எந்தக் கவிதையிலும் அவர் கவச உடைக்குள் ஆறு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கவில்லை. எதிலும் ஒப்பந்தம் முடியும் தேதியை எண்ணவில்லை. இரவுப் பணி முடிந்து வந்தவரிடம் வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்லும் காட்சியும் எதிலும் இல்லை.

இதை நண்பருக்கு எழுதினேன். "புகழ்வதும் குற்றமா?" என்று கேட்டு ஒரு வரியில் பதில் அனுப்பினார். குற்றமாகும் நேரங்கள் உண்டு என்பதே என் விடை. அதை ஒரு வரியில் சொல்ல இயலாமையால் இக்கட்டுரை.

*

முதலில் நாள்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

2020 மார்ச் 22, மாலை ஐந்து மணி. நாடு முழுவதும் மக்கள் வாசலுக்கும் மாடிக்கும் வந்து கைதட்டினர், தட்டையும் தட்டினர். மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லும் ஓசை என்று அதற்குப் பொருள் கூறப்பட்டது.

அடுத்த மாதம் 13ஆம் நாள். சென்னையில் சிகிச்சை பலனின்றி இறந்த நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரிக்க விடாமல் தடுத்தார்கள். ஏப்ரல் 19. நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் இடமில்லாமல் போயிற்று. வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டு சென்றபோது கூட்டம் கற்களோடும் கட்டைகளோடும் வந்தது. ஆம்புலன்ஸின் கண்ணாடி உடைந்தது, ஓட்டுநர்கள் காயமடைந்தார்கள். பிறகு நள்ளிரவில், சக மருத்துவர் ஒருவர் மருத்துவமனை ஊழியர் இருவரின் துணையோடு, மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். மனைவி மக்கள் உடனில்லை.

ஏப்ரல் 22. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவப் பணியாளரைத் தாக்கிக் கொடுங்காயம் விளைவித்தால் ஏழாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. மே 3. விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மேல் பூத்தூவின.

கைத்தட்டல், கல், சட்டம், பூ. ஆறு வாரங்களுக்குள் நடந்தவை இவை. கைதட்டியவர்களும் கல்லெறிந்தவர்களும் வெவ்வேறு மனிதர்கள் என்று நம்பவே நமக்கு விருப்பம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இருவரும் ஒரே நம்பிக்கையிலிருந்து புறப்பட்டவர்கள்: மருத்துவப் பணியாளர் நம்மைப்போன்ற மனிதர் அல்லர் என்ற நம்பிக்கை. ஒரு நாள் அவர் நமக்கு மேலே இருந்தார். மறுநாள் நமக்குக் கீழே இருந்தார். பக்கத்தில் மட்டும் ஒரு நாளும் இருந்ததில்லை. தெய்வத்தைத் தூக்கி வைத்தவனுக்கு அதைத் தெருவில் போட்டு உடைக்கவும் உரிமை உண்டென்பது நம் ஊர்களில் புதிய செய்தியா என்ன?

இதற்கு ஐந்து மாதங்களுக்கு முந்தைய ஒன்றையும் நினைவுபடுத்த வேண்டும். 2019 அக்டோபர் இறுதியில் தமிழக அரசு மருத்துவர்கள் ஊதிய உயர்வும் பணியிடங்களும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். நவம்பர் முதல் நாள் அது முடிந்தபின் நூற்றுக்கும் மேற்பட்டோர் இடமாற்றம் செய்யப்பட்டனர். நீதிமன்றம் சென்றுதான் அவர்கள் நிவாரணம் பெற்றார்கள். அன்று அவர்களுக்காகக் கவிதை எழுதியவர் எவரையும் நானறியேன். அப்போது அவர்கள் கோரிக்கை வைக்கும் ஊழியர்கள். மார்ச் மாதத்தில்தான் தெய்வங்களானார்கள். தெய்வங்கள் ஊதிய உயர்வு கேட்பதில்லை அல்லவா? சொல்லின் பயன் அதுதான்.

*

நான் பணிபுரியும் கல்லூரி ஜவ்வாது மலையின் அடிவாரப் பக்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் மலையாளிப் பழங்குடி மாணவர் சிலர் தமிழ் இலக்கியம் படிக்க வந்து சேர்கிறார்கள். (வெளியூர் நண்பர்களுக்கு: இவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையில் ஆள்வோர் என்ற பொருளில் மலையாளி. காஞ்சிப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு.)

அவர்களுள் ஒருவன் 2021 செப்டம்பரில் கல்லூரி திறந்த பிறகும் ஒழுங்காக வரவில்லை. அலைபேசியில் வகுப்பு நடந்த நாள்களில்கூடச் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி அமர்ந்து கேட்டவன். அழைத்து விசாரித்தேன். "அம்மாவத் தனியா விட்டுட்டு வர முடியல சார்" என்றான். மேற்கொண்டு சொல்லவில்லை. அந்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜமுனாமரத்தூர்ப் பேருந்தில் ஏறி, இறங்கியபின் மூன்று மைல் நடந்து அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் தாய் ஆஷா பணியாளர். தமிழ்நாட்டில் இத்திட்டம் பிற மாநிலங்களைப்போல் எல்லா ஊர்களிலும் இல்லை. நமக்குக் கிராம சுகாதார செவிலியர் உண்டு என்பதால், செவிலியர் எளிதில் போய்வர முடியாத மலை ஊர்களுக்கும் பழங்குடிப் பகுதிகளுக்கும்தான் பெரும்பாலும் ஆஷா நியமிக்கப்பட்டார்கள். மருத்துவத் துறை என்னும் பெரிய மரத்தின் கடைசி வேர்நுனி அவர்களே. ஆனால் ஏட்டில் அவர்கள் தன்னார்வலர்கள். ஆகவே அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, வேலைக்கேற்ற ஊக்கத்தொகைதான். கொரோனாப் பணிக்கென மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் கூடுதலாக அறிவித்தது.

அந்த அம்மாள் 2021 மே மாதத்தில் தினமும் குடிசை குடிசையாய்ப் போய்க் காய்ச்சல் கணக்கெடுத்தவர். தமிழகத்தில் நோய் உச்சம் தொட்ட மாதம் அது. மே 21 அன்று ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அவருடைய ஊரில் ஒரு முதியவருக்கு மூச்சுத் திணறல். உறவுமுறையில் இவருக்கு மாமா. கீழே போனால் திரும்ப வரமாட்டேன் என்று அவர் மறுத்திருக்கிறார். இவர்தான் பேசி, கையைப் பிடித்து, வண்டியில் ஏற்றியிருக்கிறார். நான்காம் நாள் முதியவர் இறந்தார். உடல் மலைக்கு வரவில்லை. கீழேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை, சடங்கு நடக்கவில்லை. இறந்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் அவர் ஊரைச் சுற்றிக்கொண்டே இருப்பார் என்று நம்புகிறவர்கள் அவர்கள்.

"நீதானே கூட்டிக்கிட்டுப் போன?" ஊரில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. சண்டையாகக்கூடக் கேட்கவில்லை. அதன்பின் தடுப்பூசி முகாமுக்கு அவர் அழைத்தபோது வீடுகள் சாத்தப்பட்டன. சிலர் காட்டுக்குள் போய்விட்டார்கள். மேலிடத்திலிருந்து "உங்க ஊர்ல ஏன் எண்ணிக்கை ஏறல?" என்று அலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இரு பக்கமும் அடி.

நான் போனபோது ஏழு மாதம் ஆகியிருந்தது. அலைபேசி ஒலித்தால் கை நடுங்குகிறது என்றார். இரவில் தூக்கமில்லை. மாமாவின் கை தன் கைக்குள் இருப்பதுபோலவே இருக்கிறது என்றார். யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்:

"யார்கிட்ட சார் சொல்றது? ஊர்ல யாருக்கு என்னன்னாலும் எங்கிட்டதான் வந்து சொல்லுவாங்க. நான் யார்கிட்ட போயி சொல்ல?"

*

இந்த நிலைக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சையளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1994இல் ஒரு நூல் எழுதினார். ஹோமரின் இலியத்தில் அக்கிலீஸுக்கு நேர்ந்ததும் தம் நோயாளிகளுக்கு நேர்ந்ததும் ஒன்றே என்பது அந்நூலின் வாதம். காவியம் படித்து மருத்துவம் கண்டவர் அவர். இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்போர் கவனிக்க. வீரர்களை முறித்தது பகைவன் மீதிருந்த அச்சம் மட்டுமன்று. உயிர் போகும் வேளையில், அதிகாரத்தில் இருந்தவர்கள் அறத்தைக் காட்டிக்கொடுத்தார்கள் என்ற உணர்வே அவர்களை முறித்தது என்று ஷே எழுதினார். இதை 'அறக்காயம்' என்று தமிழில் சொல்லலாம்.

அச்சத்துக்கு மருந்துண்டு. சோர்வுக்கு ஓய்வுண்டு. அறக்காயத்துக்கு என்ன உண்டு? தான் செய்தது தவறு என்று அந்த அம்மாள் நினைக்கிறார். அவர் செய்தது சரி. தவறு செய்தவர்கள், முதியவரை ஏற்றிச்செல்ல உரிய நேரத்தில் வழியில்லாத மலையை அப்படியே விட்டுவைத்தவர்களும், இறந்தவரின் முகத்தைத் தொலைவிலிருந்தாவது காட்ட ஏற்பாடு செய்யாதவர்களும்தான். ஆனால் அவர்கள் எவருக்கும் கை நடுங்கவில்லை. குற்றம் மேலேயும் குற்றவுணர்ச்சி கீழேயும் இருப்பதுதான் இந்த நோயின் அமைப்பு.

இது ஒரு மலையின் கதை மட்டுமன்று. 2020இன் தொடக்கத்தில் சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 பணியாளர்களிடம் நடத்திய ஆய்வில் பாதிப்பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பத்தில் ஏழு பேர் மனவேதனையில் இருந்தனர். செவிலியருக்கும், பெண்களுக்கும், நோயாளியை நேரடியாகக் கவனித்தவர்களுக்கும் பாதிப்பு கடுமையாக இருந்தது. நியூயார்க்கில் அவசரப் பிரிவு மருத்துவர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநலச் சிகிச்சை பெற்றது தெரிந்தால் மருத்துவத் தொழிலே போய்விடுமோ என்று அவர் அஞ்சியதாக அவர் குடும்பத்தார் சொன்னார்கள். 2022 மார்ச்சில் அவர் பெயரிலேயே அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது.

நம் ஊரில் அந்த அச்சத்துக்கு ஒரு பெயரே உண்டு: கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கிய மனநலக் காப்பகம் ஒன்றின் இருப்பிடத்தை, நூற்றுக்கணக்கான திரைப்படங்களின் வழியாக, வசைச்சொல்லாக ஆக்கிவைத்திருக்கிறோம். ஒரு செவிலியர் "எனக்கு மனசு சரியில்லை" என்று தம் கண்காணிப்பாளரிடம் சொல்லத் துணிவாரா? சொன்னால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா?

*

மறுப்புகளுக்கு வருகிறேன்.

"அது அவர்கள் வேலைதானே, சம்பளம் வாங்குகிறார்களே" என்பது ஒன்று. ஆஷாவுக்குச் சம்பளமே இல்லை என்று முன்பே சொன்னேன். சம்பளம் வாங்கியவர்களின் கதையைப் பாருங்கள். 2020இல் கொரோனா வார்டுகளுக்கென ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியருள் ஏறத்தாழ 2,400 பேரின் பணி 2022 டிசம்பர் 31 அன்று முடித்துவைக்கப்பட்டது. அவர்களின் புத்தாண்டு சாலையோரப் போராட்டத்தில் பிறந்தது. மாற்றுப் பணி தருவதாக அரசு பின்னர் அறிவித்தது, அதுவும் தற்காலிகமே. வேலை என்று சொல்வீர்களாயின் வேலைக்குரிய உத்தரவாதத்தைக் கொடுங்கள். தொண்டு என்று சொல்வீர்களாயின் அலைபேசியில் மிரட்டாதீர்கள். தேவைப்படும்போது தொண்டும் தேவைப்படாதபோது ஒப்பந்தமுமாக ஒரே உழைப்பை இரு பெயரில் அழைப்பது மோசடி.

"ஆலோசனைக்குத் தொலைபேசி எண்கள் இருக்கின்றனவே" என்பது இன்னொன்று. இருக்கின்றன. 104 உண்டு, 2022 அக்டோபரிலிருந்து 14416 என்னும் தேசிய எண்ணும் உண்டு. நல்லவையே, பயன்படுத்துங்கள் என்று என் மாணவர்களுக்கும் சொல்கிறேன். ஆனால் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் வரும் ஊரில், வீட்டில் அழக்கூடத் தனியிடம் இல்லாத ஒரு பெண், பாறை மேல் அமர்ந்து ஊர் பார்க்க அழுதுகொண்டே பேச வேண்டும் என்கிறீர்களா? அவர் பேசினாலும், மறுமுனையில் இருப்பவர் மூச்சை இழுத்து விடச் சொல்வார். எண்ணிக்கை ஏன் ஏறவில்லை என்று கேட்கும் குரலை அவரால் நிறுத்த முடியுமா?

"மலைமக்களின் அறியாமைதான் காரணம்" என்பது மூன்றாவது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். வேலங்காட்டில் கல்லெறிந்தது எந்தப் பழங்குடி? அது சென்னை, அண்ணா நகரை ஒட்டிய இடம். மலைமக்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. கீழே போனவர் திரும்பவில்லை. அதைக் கண்ணால் கண்டார்கள். இதே மலைத்தொடரில் காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதே மலையின் வேலூர்ப் பக்கத்தில், அல்லேரியை அடுத்த அத்திமரத்துக்கொல்லையில், 2023 மே மாதம் பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. திரும்பக் கொண்டுவரும்போது சாலையில்லாத இடத்தில் ஆம்புலன்ஸ் இறக்கிவிட்டுப் போக, தாய் பிள்ளையின் உடலைக் கையில் ஏந்தி மைல் கணக்கில் நடந்தார். அந்த மரணத்துக்குப் பின்னர்தான் சாலைப் பேச்சு வேகம் பிடித்தது. இத்தகைய ஊரில் நின்று "ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று சொல்லும் பெண், அரசாங்கத்தின் பொய்க்குத் தன் முகத்தைக் கடன் கொடுக்கிறாள். அந்தக் கடனுக்கு வட்டியாகத் தூக்கத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

*

தமிழ் படித்தவன் என்பதால் என் துறையிலிருந்து ஒன்று சொல்ல வேண்டும்.

இம்மலையின் தெற்கே செங்கம். அவ்வட்டாரத்து நடுகற்களைத் தமிழகத் தொல்லியல் துறை 1972இல் நூலாக வெளியிட்டது. ஆநிரை மீட்டு இறந்தவன், ஊருக்காகப் போரிட்டு இறந்தவன் என ஒவ்வொருவருக்கும் ஒரு கல். கல்லில் அரசனின் ஆட்சியாண்டு, ஊர், அவன் பெயர், எதற்காக இறந்தான் என்ற செய்தி. எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன். கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அவனருகே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாய்க்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன்.

2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் ஒரு கேள்வி எழுந்தது. கொரோனாவால் இறந்த மருத்துவப் பணியாளர் எத்தனை பேர்? சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது, ஆகவே அத்தகைய தரவு மத்தியில் பராமரிக்கப்படவில்லை என்பது விடை. இந்திய மருத்துவச் சங்கம் கொதித்தெழுந்து, இறந்த 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. அதுவும் மருத்துவர்களின் பட்டியலே. செவிலியர், ஆஷா, ஆம்புலன்ஸ் ஓட்டுநர், வார்டு கழுவிய தூய்மைப் பணியாளர் எவரும் அதில் இல்லை. உலக அளவில் 2021 மே வரை 80,000 முதல் 1,80,000 வரையிலான மருத்துவப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையே ஓர் இலட்சம் பேர். எண்ணப்படாதவர்களின் அளவு அது.

நாய்க்குப் பெயர் பொறித்த நாட்டில் செவிலியருக்குக் கணக்கில்லை. இறந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், உயிரோடு இருந்து உள்ளே உடைந்தவர்களை யார் எண்ணப்போகிறார்கள்?

நடுகல் வீரனை எவரும் தேவன் என்று தொடங்கவில்லை என்பதையும் கவனியுங்கள். முதலில் பெயர், ஊர், நிகழ்ந்தது. வழிபாடு அதற்குப் பின். நாம் தலைகீழாகச் செய்தோம். வழிபாட்டில் தொடங்கினோம், பெயருக்கு வந்து சேரவேயில்லை.

*

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். மனநல ஆலோசனைக்கு இன்று 'ஆற்றுப்படுத்துதல்' என்ற அழகிய சொல் வழங்குகிறது. அச்சொல்லின் மூதாதையான ஆற்றுப்படையில் ஒன்று இந்த வட்டாரத்துக்கே உரியது. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம், செங்கண்மாத்து நன்னனிடம் கூத்தரை வழிகாட்டி அனுப்பும் பாட்டு. செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு இந்த ஜவ்வாது மலையில்தான் பிறக்கிறது.

அதில் வழி சொல்பவன் யார்? அதே வழியில் சென்று மீண்டவன். அவன் "அஞ்சாதே, நீ மாவீரன்" என்று முதுகில் தட்டி அனுப்புவதில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, கால் வழுக்கும் இடம் எங்கே, தினைப்புனத்தில் கவண்கல் எப்படி வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். எங்கே தங்கலாம், எவர் உணவளிப்பார் என்று சொல்கிறான். வழியின் முடிவில் கொடுப்பதற்கு ஒரு நன்னன் இருக்கிறான். கொடுப்பவன் இல்லாமல் ஆற்றுப்படை இல்லை.

இந்த மூன்றும்தான் என் கோரிக்கை. ஒன்று, சென்று மீண்டவர்களின் துணை: பணியாளர்கள் மாதமொருமுறை தம்முள் கூடிப் பேச, பணிநேரத்திலேயே ஒரு வேளை, அங்கே மேலதிகாரி இருக்கக்கூடாது, பதிவேடு இருக்கக்கூடாது. இரண்டு, ஆபத்தை மறைக்காத பேச்சு: அடுத்த தொற்று வருமுன், உடல் திரும்ப வராமல் போகலாம் என்பதை ஊருக்கு முன்கூட்டிச் சொல்லும் பொறுப்பை ஆஷாவின் தலையில் மட்டும் கட்டாமல் அதிகாரிகள் ஏற்பது, முகம் பார்க்கவேனும் வழி செய்வது. மூன்று, கொடை: நிரந்தரப் பணி, ஊதியத்தோடு ஓய்வு, சாலை. இவை இல்லாமல் நடத்தப்படும் மனநல முகாம், வழி சொல்லிவிட்டு வள்ளலைச் சொல்லாத ஆற்றுப்படை.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. ஐந்தாண்டுகள் கடந்துவிட்டன, நினைவுகள் மங்கத் தொடங்கிவிட்டன. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். செவிலியர் ஒருவரிடம் அந்த 2020, 2021 பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஒப்பினால் அவர் பெயரோடு. உவமை ஏதும் தேவைப்படாது.

அன்று அந்த வீட்டிலிருந்து புறப்படும்போது அம்மாள் சாமைக் கஞ்சி கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கையில் யாரோ வந்து வாசலில் நின்று குழந்தைக்குக் காய்ச்சல் என்றார்கள். அவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த வீடு, மாமாவின் வீட்டுக்கு அடுத்தது என்று பிறகு மகன் சொன்னான்.

அவரைத் தேவதை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. முந்தைய இரவும் அவர் தூங்கியிருக்கவில்லை.